முதல் முறையாக வீட்டை வாடகைக்கு விடுறீங்களா? எந்த வேலைக்குக் காசு போடலாம்... எதை அப்படியே விட்டுடலாம்?

சென்னை புறநகரில் 1990-களில் கட்டிய ஒரு தனி வீடு. கட்டிய பெரியவர்கள் இப்போது பிள்ளைகளுடன் இருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. "சும்மா பூட்டி வெச்சா வீடு பாழாயிடும், வாடகைக்காவது விடுங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்ல, குடும்பமும் சரி என்கிறது. கொத்தனார், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் என மூன்று பேரையும் வரவழைக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் எஸ்டிமேட் 6 லட்சத்தைத் தொடுகிறது. வாடகை எவ்வளவு போகும் என்று புரோக்கரிடம் கேட்டால், "16 ஆயிரம் வரும் சார்" என்கிறார்.

ஒரு உதாரணத்துக்குத்தான் இந்தக் கணக்கு. ஆனால் ஏறக்குறைய இதே நிலையில் பல குடும்பங்கள் நிற்கின்றன. 6 லட்சத்தை 16 ஆயிரத்தால் வகுத்தால் 37 மாதத்துக்கு மேல். அதாவது மூன்று வருஷ வாடகை முழுசாக வேலைக்கே போய்விடும். அந்தப் பணம் பெரும்பாலும் ஓய்வூதியப் பணமாகவோ, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததாகவோ, பர்சனல் லோனாகவோ இருக்கும். அதற்காக எதையும் செய்யாமல் சாவியைக் கொடுத்துவிட முடியுமா? அதுவும் முடியாது. எந்த வேலை அவசியம், எது வெறும் ஆசை என்பதைப் பார்க்கலாம்.

குடி வருபவர் எதைப் பார்க்கிறார்?

வீட்டைக் கட்டியவர் கண்ணுக்கு ஹால் மொசைக் பழசாகத் தெரியும், கிச்சன் மேடை அசிங்கமாகத் தெரியும். பூஜை அறைக் கதவுக்கு பாலிஷ் போடலாமே என்று தோன்றும். ஆனால் வீடு பார்க்க வருகிறவர் கேட்கும் கேள்விகளே வேறு. "தண்ணி எப்படி? மெட்ரோ வாட்டரா, போர் வாட்டரா? உப்பா இருக்குமா?" "மழைக்குத் தண்ணி தேங்குமா?" "ஏசி மாட்டிக்கலாமா?" "கரன்ட்டுக்குத் தனி மீட்டர் இருக்கா?" "வண்டி எங்க விடுறது?" பத்து நிமிஷத்தில் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். பாத்ரூம் குழாயைத் திறந்து பார்ப்பார், அண்ணாந்து சீலிங்கைப் பார்ப்பார். பூஜை அறைக் கதவை அவர் தொடக்கூட மாட்டார்.

வீட்டு உரிமையாளருக்கு நஷ்டம் வருவது இரண்டு வழிகளில். ஒன்று, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள். இன்னொன்று, ஒரே ரிப்பேரைத் திரும்பத் திரும்பச் செய்வது. இந்த இரண்டையும் குறைக்கும் வேலைக்குத்தான் முதல் காசு போக வேண்டும். வாடகையை ஏற்றிக் கேட்க உதவும் வேலை அதற்கு அடுத்தது. வீடு 'நல்லா' தெரிவதற்கான வேலை கடைசி.

கசிவை விட்டுவிட்டு பெயின்ட் அடித்தால் காசு தண்ணீரில்

பெரும்பாலானவர்கள் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். ஆனால் அவர் கடைசியாக வர வேண்டிய ஆள்.

மொட்டை மாடியில் இருந்து தண்ணீர் இறங்குகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, மாடியில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒன்றிரண்டு நாள் அப்படியே விட வேண்டும். கீழே சீலிங்கில் எந்த இடத்தில் ஈரம் தெரிகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும். பாத்ரூமுக்கும் இதே முறைதான். வெளியே போகும் ஓட்டையை அடைத்து, தரையில் தண்ணீர் நிறுத்தி, பின்பக்கச் சுவரையும் கீழ் வீட்டு சீலிங்கையும் பார்க்க வேண்டும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் காரையே கொட்டும் அளவுக்குப் பழுதான மாடியில் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே நேராக இன்ஜினீயரைக் கூப்பிடுவதுதான் சரி.

சுவரில் உப்பு பூத்து, பெயின்ட் செதில் செதிலாக வரும் இடங்களில் மேலே பட்டி பார்த்து புது எமல்ஷன் அடித்தால் அக்டோபர் வரை பளபளவென்று இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய ஒரு மாதத்தில் பழைய கோலத்துக்கே வந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட். மாடித் தட்டோடுகளின் இடுக்கு விட்டுப்போயிருந்தால் அதைப் பூசுவது, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையைச் சரி செய்வது, மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்வது... பல வீடுகளில் கசிவு இங்கேயே நின்றுவிடும். முழு மாடிக்கும் வாட்டர் ப்ரூஃபிங் என்று எஸ்டிமேட் கொடுப்பவரிடம், இவற்றை முதலில் செய்து பார்க்கச் சொல்லலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. சீலிங்கில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால், அது அழகுப் பிரச்னை இல்லை. இரும்பு துருப்பிடிக்கும்போது பருமன் கூடும். அந்த அழுத்தத்தில்தான் சுற்றியுள்ள கான்கிரீட் விரிந்து உடைகிறது. மேலே சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு தொடர்ந்து வேலை செய்யும். ஒரு நாள் பூச்சோடு சேர்ந்து காரையும் கீழே விழும். அடியில் தூங்குவது யாரோ ஒருவரின் குழந்தையாக இருக்கலாம். தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென உள்ள கலவையால் அடைப்பதே சரியான முறை. கம்பி பாதியாக மெலிந்திருந்தால் கொத்தனார் போதாது, கட்டட இன்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்றால் இந்தப் பிரச்னை சீக்கிரமே வரும்.

ஒயரிங்: கண்ணுக்குத் தெரியாத செலவு

30 வருஷத்துக்கு முன்பு ஒரு வீட்டில் டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, நாலு ஃபேன். அதற்கேற்ற ஒயர். இன்று குடி வரும் குடும்பம் ஏசி, கீஸர், வாஷிங் மெஷின், இண்டக்ஷன் அடுப்பு, மோட்டார் எல்லாவற்றையும் அதே ஒயரில் ஓட்டப் போகிறது. சுவிட்ச் போர்டு சூடாவது, ஃபியூஸ் அடிக்கடி போவது எல்லாம் இதன் அறிகுறிகள்.

முழு வீட்டுக்கும் ஒயர் மாற்றத்தான் வேண்டுமா? எப்போதும் அப்படி இல்லை. எலெக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயங்களை உறுதியாகக் கேட்கலாம். எர்த்திங் வேலை செய்கிறதா? மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா? ஏசிக்கும் கீஸருக்கும் மெயின் போர்டில் இருந்து தனி ஒயர், தனி எம்சிபி இருக்கிறதா?

ஆர்சிசிபி என்பது மின்கசிவைக் கண்டதும் சப்ளையைத் துண்டிக்கும் கருவி. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் போடுவார்கள். ஈரக் கையோடு பழுதான வாஷிங் மெஷினைத் தொட்டவர் உயிரைக் காப்பாற்றுவது இதுதான். எம்சிபி இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எம்சிபி ஓவர் லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் பார்க்கும், ஒயரைக் காப்பாற்றும். ஷாக்கில் இருந்து ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. இன்டீரியருக்கு லட்சக் கணக்கில் செலவு செய்பவர்கள்கூட சில ஆயிரத்தில் முடியும் இந்த வேலையைக் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

பெட்ரூமுக்கு ஏசி பாயின்ட் போட்டுக் கொடுப்பது லாபமான வேலை. ஏசியையே வாங்கி மாட்டிக் கொடுப்பது அப்படி இல்லை. சர்வீஸ், கேஸ், ரிப்பேர் என்று வருஷா வருஷம் போன் வரும். குடி வருபவர்கள் பலரும் சொந்த ஏசியோடுதான் வருகிறார்கள். ஒயர், பைப் போக ஓட்டை, வெளி யூனிட் வைக்க இடம் இருந்தால் அவர்களுக்குப் போதும். வாஷிங் மெஷினுக்கு ஒரு பிளக், ஒரு குழாய், தண்ணீர் வெளியேற ஒரு வழி என்பதும் இதே கணக்குதான்.

மாடியில் உரிமையாளர் இருந்து கீழ் வீட்டை விடுவதாக இருந்தால் தனி மின் இணைப்பு வாங்கிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் இருவருக்கும் நஷ்டம். "யூனிட்டுக்கு எட்டு ரூபா குடுங்க" என்று ஆரம்பிக்கும் சண்டையில் வீட்டைக் காலி செய்தவர்கள் ஏராளம்.

சட்டம் யார் தலையில் எந்த ரிப்பேரை வைக்கிறது?

தமிழ்நாட்டில் நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இதன் அட்டவணையில் யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை இதுதான் முறை.

கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீஸர் பழுது, வாஷ் பேசின் பழுது, கதவின் பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் தன் பங்கு ரிப்பேரைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

வேலைகளை வரிசைப்படுத்த நினைக்கும் உரிமையாளருக்கு இந்த அட்டவணையே பாதி வழிகாட்டி. தன் பொறுப்பில் உள்ளவை எப்படியும் ஒரு நாள் தன் தலையில்தான் விழும். வீடு காலியாக இருக்கும்போதே செய்தால் சுவரை உடைக்கலாம், தூசி பறக்கலாம், யாருக்கும் தொல்லை இல்லை. ஆள் குடிவந்த பிறகு அதே வேலைக்கு நேரமும் கூலியும் கூடும், முகச்சுளிப்பும் சேரும்.

இன்னொன்று. வாடகைக்கு விட்ட பிறகு வீட்டில் கூடுதல் வசதி செய்து கொடுத்து வாடகையை ஏற்ற நினைத்தால், வேலை தொடங்கும் முன்பே குடியிருப்பவரிடம் பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சாதாரண ரிப்பேரைக் காட்டி வாடகை ஏற்ற முடியாது.

மாடுலர் கிச்சன், புது டைல்ஸ்... தேவைதானா?

இங்கேதான் எஸ்டிமேட் ஊதிப்போகிறது. அதே 16 ஆயிரம் ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடுலர் கிச்சனுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது, அதனால் வாடகை 1,500 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 18 ஆயிரம். போட்ட காசு திரும்பி வர 10 வருஷம். சாதாரண பார்ட்டிக்கிள் போர்டில் செய்த கிச்சன் சிங்க் அடியில் ஈரம் பட்டு உப்பிப்போக அவ்வளவு காலம் ஆகாது. கரையான், கரப்பான் கதை தனி.

அதே கிச்சனில் பழைய கடப்பா மேடைக்கு மேல் கிரானைட், ஸ்டீல் சிங்க், கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் சரியான உயரத்தில் பிளக், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், மேடைக்கு மேலே இரண்டடிக்கு டைல்ஸ் என்று முடித்தால் செலவு அதில் ஒரு பகுதிதான். சமைக்கிறவருக்கு வேண்டியதும் இவ்வளவுதான்.

தரையில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மொசைக் தரை உடையாமல் இருந்தால் மெஷின் வைத்து பாலிஷ் போட்டாலே முகம் தெரியும். அதை விட்டுவிட்டு, "உடைக்க வேணாம் சார், மேலேயே ஒட்டிடலாம்" என்று சொல்வதைக் கேட்டு டைல்ஸ் ஒட்டினால், தரை மட்டம் ஏறிவிடும். எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டிவரும். பாத்ரூமுக்கும் ரூமுக்கும் இடையே மட்டங்கள் மாறினால் தண்ணீர் ரூமுக்குள் வரும். டைல்ஸ் கடை பில்லில் இந்தச் செலவெல்லாம் இருக்காது. உடைந்து, காலில் குத்தும் தரையாக இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், அது வேறு.

பாத்ரூமில் காசு போடலாம். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால், ஒன்றையாவது வெஸ்டர்னாக மாற்றுவது வீண் போகாது. முழங்கால் வலியுள்ள அம்மாவோ அப்பாவோ உடன் இருக்கும் குடும்பம் இது இல்லாத வீட்டை எடுக்கவே எடுக்காது. தரைக்கு வழுக்காத டைல்ஸ். உள்ளே துருப்பிடித்து அடைத்துக்கொண்ட பழைய ஜிஐ பைப்பை மாற்றுவதாக இருந்தால் டைல்ஸுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். புது டைல்ஸை ஒரே வருஷத்தில் உடைத்து பைப்பைத் தேடுவது போன்ற வயிற்றெரிச்சல் வேறு இல்லை.

ஃபால்ஸ் சீலிங், ஹாலில் கலர் கலராக டெக்ஸ்சர் பெயின்ட், டிவி யூனிட் எல்லாம் வேண்டவே வேண்டாம். வெளிர் நிறத்தில் ஒரே கலரை வீடு முழுக்க அடித்தால், அடுத்த முறை டச்-அப் செய்வதும் எளிது.

மேல் மாடி வீடு என்றால் ஏப்ரல், மே மாதங்களில் சீலிங்கில் இருந்து அனல் இறங்கும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பது குறைந்த செலவில் பலன் தரும். கூல் டைல்ஸ் அதைவிட நாள்பட நிற்கும், ஆனால் விலை அதிகம். தளத்தில் கசிவுக்காக எப்படியும் கை வைக்க வேண்டியிருந்தால் மட்டும் அதைச் சேர்த்துப் பார்க்கலாம்.

தரைத்தள வீடு, அதுவும் வேளச்சேரி, முடிச்சூர் போல 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் பார்த்த பகுதி என்றால் கணக்கே மாறும். அங்கே அடிமட்டத்தில் மர வேலை எதையும் செய்யக் கூடாது. பிளக் பாயின்ட்களை மேலே ஏற்றுவது, மெயின் போர்டையும் மோட்டார் சுவிட்சையும் வெள்ளம் வந்த கோட்டுக்கு மேலே வைப்பது, சம்ப் மூடியில் அழுக்குத் தண்ணீர் இறங்காமல் விளிம்பை உயர்த்துவது ஆகியவைதான் அங்கே ரெனோவேஷன்.

அட்வான்ஸ் பணத்தில் வேலையை முடிக்கலாமா?

"அட்வான்ஸ் வாங்கி அதுல டைல்ஸ் போட்டுடலாம்" என்பது காலங்காலமாக நடப்பது. சென்னையில் 10 மாத அட்வான்ஸ் வழக்கமாக இருந்த காலத்தில் அது பெரிய தொகை. இப்போதைய சட்டப்படி, இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 16 ஆயிரம் ரூபாய் வாடகைக்கு அது 48 ஆயிரம்.

அந்த 48 ஆயிரமும் உரிமையாளர் பணம் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதைத் தரையில் ஒட்டிவிட்டால், 11 மாதம் கழித்து ஆள் காலி செய்யும்போது கையில் எதுவும் இருக்காது. "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. இல்லாவிட்டால், ஆணி அடித்த ஓட்டைக்கும் சுவர் அழுக்குக்கும் காரணம் சொல்லிப் பிடிக்கிறார்கள். காலி செய்பவருக்கோ புது வீட்டு அட்வான்ஸுக்கு அந்தப் பணம் அன்றைக்கே வேண்டும். அட்வான்ஸை அப்படியே ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு, வேலையைக் கையில் உள்ள காசுக்குள் சுருக்குவதுதான் இரண்டு பக்கமும் தூக்கம் கெடாத வழி.

வரியில் கழிக்க முடியுமா?

முதல் முறை வாடகைக்கு விடுபவர்கள் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இதுதான். ரிப்பேருக்கு எவ்வளவு செலவு செய்தாலும், அதை வாடகை வருமானத்தில் தனியாகக் கழிக்க முடியாது. அதற்குப் பதில், வருஷ வாடகையில் உரிமையாளர் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவாகக் கிடைக்கும். வருஷ வாடகை 1,92,000 ரூபாய், சொத்து வரி 6,000 ரூபாய் என்றால், மீதி 1,86,000. அதில் 30 சதவீதம், அதாவது 55,800 ரூபாய், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாவிட்டாலும் கழியும். ஆறு லட்சம் செலவு செய்தாலும் அதே 55,800தான்.

வீட்டு ரிப்பேருக்குக் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியைக் கழிக்க வழி உண்டு. வீட்டில் நிரந்தரமாகச் சேர்த்த வசதிகளுக்கான பில்களை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பின்னாளில் வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் அவை உதவும். வெள்ளையடித்த பில் அதற்கு உதவாது.

எப்போது தொடங்குவது?

கசிவு வேலையை வெயில் காலத்தில் தொடங்கி, செப்டம்பருக்குள் முடிப்பது நல்லது. மாடி, பைப், ஒயரிங், பாத்ரூம், கிச்சன், கடைசியில் பெயின்ட் என்ற வரிசை மாறினால் ஒரே சுவரை இரண்டு முறை உடைக்க நேரும். கையில் 1 லட்சம்தான் இருக்கிறது என்றால் முதல் மூன்றோடு நிறுத்திவிட்டு, ஒரு கோட் பெயின்டோடு வீட்டை விடலாம். கிச்சன் மேடை இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்கும். வேலை பாதியில் நிற்கும் வீட்டை யாரும் எடுக்க மாட்டார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் குடிவருபவரை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையையும் செல்போனில் வீடியோ எடுத்து, இருவரும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்ளலாம். ஃபேன் எத்தனை, டியூப் லைட் எத்தனை, எந்தச் சுவரில் ஏற்கெனவே விரிசல், மீட்டர் ரீடிங் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிந்து, பதிவு எண்ணும் பெற வேண்டும். மெயின் கதவின் பூட்டையும் அன்றைக்கே மாற்றிவிடலாம். பழைய சாவி இத்தனை நாள் வேலை செய்த எத்தனை பேர் கையில் சுற்றியது என்பது யாருக்கும் நினைவிருக்காது.